கடலுக்கு மேலே ஒரு டோல்கேட், ஆற்றுக்கு அடியில் ஒன்று

என் வாழ்க்கையில் இரண்டு டோல்கேட்டுகளில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். முதலாவது பாம்பன் சாலைப் பாலத்துக்குப் போகும் வழியில். இரண்டாவது கடல்கடந்து, ஒரு துறைமுக நகரத்தில், ஆற்றுக்கு அடியில் போகும் சுரங்கச் சாலையின் வாயிலில். முதலாவதில் ஆறு வருஷம், அடுத்ததில் பத்து வருஷம். முதலாவதில் இருந்தபோது என் மனைவி இறந்துபோனாள்.

எனக்கு ஊர் கமுதிப் பக்கம். கரிசல் காடு. மிளகாயும் பருத்தியும் போடுவோம். மழை ஏமாற்றிய ஒரு வருஷத்தில், தூரத்து உறவினர் ஒருவர் பாலத்தில் சுங்கம் வசூலிக்கும் குத்தகைக்காரரிடம் என்னைச் சேர்த்துவிட்டார். பாலம் திறந்து அதிக நாள் ஆகவில்லை. அதற்கு முன்பு ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலை விட்டால் படகுதான். இப்போது வண்டிகள் தாமாகவே கடலைத் தாண்டின. பார்ப்பதற்கென்றே சனங்கள் வந்தார்கள். நான் பத்தாவது படித்திருந்தேன், கையெழுத்து நன்றாக இருக்கும். அது போதும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

உச்சிப்புளியில் ஒரு சின்ன வீடு வாடகைக்குப் பிடித்து மனைவியையும் மகளையும் அழைத்து வந்தேன். மகளுக்கு அப்போது ஆறு வயது. உப்புக்காற்றும் மணலும் மனைவிக்குப் பிடிக்கவில்லை. துணி காயவே மாட்டேன் என்கிறது என்பாள். ஆனாலும் இருந்தாள்.

என் வேலை எளிமையானது. தகரக் கூரை போட்ட ஒரு கூண்டு. வண்டி வந்து நிற்கும். வண்டி எண்ணைச் சீட்டில் எழுதி, காசை வாங்கிக்கொண்டு, சீட்டைக் கிழித்துக் கொடுக்க வேண்டும். எந்த ஊர் வண்டி என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் குத்தகைக்காரர். எதற்கு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சீட்டுப் புத்தகத்தின் மேல் ஒரு கருங்கல்லை வைத்திருப்பேன். பேனா எழுதாது. விரல் இடுக்கில் எப்போதும் உப்பு பிசுபிசுக்கும்.

வேலைக்கு வந்த ஒரு மாதத்திலேயே, எந்த வண்டி எதற்காகப் போகிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். கல்யாணம் முடிந்து கோவிலுக்குப் போகிறவர்கள், சுற்றுலா வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீன் ஏற்றப் போகும் லாரிகள். இவர்களைத் தவிர அஸ்தி கரைக்கப் போகிறவர்கள் தினமும் வருவார்கள். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மடியில் துணி சுற்றிய கலயம் இருக்கும். வண்டி குலுங்கும்போது இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொள்வார். அவர்களே மத்தியானம் திரும்பி வரும்போது மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக இருப்பார்கள். பெரும்பாலும் பேசிக்கொண்டு, சில சமயம் சிரித்துக்கொண்டுகூட வருவார்கள். ஒரு சுமை இறங்கியதுபோல இருக்கும் அந்த முகங்கள். முதலில் எனக்கு அது வியப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்தாறு கலயங்கள் என்னைக் கடந்து போகும். நான் சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.

என்னோடு வேலை பார்த்தவர் புதுமடத்துக்காரர். பாய் என்றே கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பல வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தவர். அங்கேயும் டோல்கேட்டில்தான் இருந்தாராம், அதுவும் ஆற்றுக்கு அடியில் போகும் ரோட்டில். மேலே கப்பல் போகும், கீழே கார் போகும் என்பார். கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஆற்றுக்கு அடியில் ரோடு என்பதை நான் முதலில் நம்பவில்லை. தண்ணீர் உள்ளே வராதா என்று கேட்டேன். வரும், சொட்டுச் சொட்டாக வரும், அதை ஒரு குழியில் சேர்த்து மோட்டார் வைத்து இறைத்துக்கொண்டே இருப்பார்கள் என்றார். மோட்டார் நின்றுபோனால் என்ன ஆகும் என்று கேட்டேன். நிற்காது என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

அடுத்த வருஷம் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். எட்டு மாதம் இருந்தான். ஒரு மழைநாளில் காய்ச்சல் கண்டது. அன்றைக்கு எனக்குத் தொடர்ந்து இரண்டு ஷிப்டு. மனைவி பக்கத்து வீட்டுக்காரரோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நான் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஆட்கள் நின்றார்கள். பச்சைக் குழந்தை என்பதால் எரிக்கவில்லை, புதைத்தோம்.

அதன் பிறகு அவளுக்கும் எனக்கும் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் நினைத்திருக்கிறேன். அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. முப்பதாம் நாள் கழிந்ததும், அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.

கொஞ்ச நாள் என்பது நீண்டுகொண்டே போனது. முதலில் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்தேன். அவளுடைய அண்ணன், என் மச்சான், மரியாதையாகத்தான் நடத்தினார். அவள் சோறு போடுவாள். மகள் பள்ளிக்கூடக் கதை சொல்லுவாள். எப்போது வருகிறாய் என்று நான் கேட்டிருந்தால் அவள் வந்திருப்பாளோ என்னவோ. நான் கேட்கவில்லை. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போனேன், பிறகு மூன்று மாதம் ஆனது. மகளை அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டார்கள்.

தனி ஆளுக்கு எதற்கு வீடு என்று உச்சிப்புளி வீட்டைக் காலி செய்துவிட்டு, மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் ஒரு அறைக்கு மாறினேன். மாறியதை மனைவிக்குக் கடிதம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றில்லை. அடுத்த முறை போகும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நான்கு மாதம் போகவே இல்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் ஏழு மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. ஒரு வேன் வந்து நின்றது. டிரைவர் காசை நீட்டினார். நான் வண்டி எண்ணை எழுதிக்கொண்டே, எந்த ஊரு என்று கேட்டேன்.

"கமுதிப் பக்கம்," என்றார் டிரைவர்.

நம்ம ஊர் வண்டியாயிற்றே என்று நிமிர்ந்து பார்த்தேன். டிரைவருக்கு அந்தப் பக்கம் என் மச்சான் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் மஞ்சள் துணி சுற்றிய கலயம் இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் சீட்டு ஜன்னலில் என் மகள் இருந்தாள். தலை வாரவில்லை. அவள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், யாரு?" என்று கேட்டேன்.

அவர் முகத்தைத் திருப்பாமலே, "தந்தி வரலையா?" என்றார்.

"எந்தத் தந்தி?"

அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ தெரியவில்லை. கலயத்தின் மேல் இருந்த கை மட்டும் ஒருமுறை இறுகியது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் பஸ் ஒன்று வந்து நின்றது.

"சீட்டக் குடு மாப்ள," என்றார். "பின்னால வண்டி நிக்குது."

நான் சீட்டைக் கிழித்தேன். மீதிக் காசை எண்ணிக் கொடுத்தேன். டிரைவர் வாங்கிக்கொண்டு வண்டியை எடுத்தார். வேன் பாலத்தில் ஏறி, மேடு வரைக்கும் தெரிந்தது. அதன் பிறகு தெரியவில்லை.

அடுத்து லாரி வந்தது. அதற்குச் சீட்டு எழுதினேன். பஸ் போனது. இரண்டு கார்கள், ஒரு டெம்போ. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. எனக்கு அழுகை வரவில்லை, படபடப்புக்கூட இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டெம்போ டிரைவர் நடந்து வந்து, இது எங்கள் வண்டி நம்பரே இல்லையே என்று சீட்டை நீட்டினார். பாய் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த புத்தகத்தின் அடிக்கட்டைகளைப் புரட்டினார். அந்த வேனுக்குப் பிறகு வந்த எல்லா வண்டிக்கும் நான் அந்த வேனின் எண்ணையே எழுதியிருந்தேன்.

பாய் பேனாவை என் கையிலிருந்து எடுத்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். என் வீட்டுக்காரி போய்ட்டா போல என்று சொன்னேன். அந்தச் சொற்கள் என் வாயிலிருந்து வெளியே வந்த பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

"இன்னா லில்லாஹி," என்று மெல்லச் சொல்லிவிட்டு அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு வெளியே போய், தெரிந்த மீன் லாரி ஒன்றை நிறுத்தினார். குத்தகைக்காரரின் ஆள் ஒருவரைக் கூண்டில் உட்காரச் சொல்லிவிட்டு அவரும் என்னோடு ஏறினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அக்னி தீர்த்தத்தில் எல்லாம் முடிந்திருந்தது. மச்சான் தலையை மழித்துக்கொண்டு, கரையில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தார். காலிக் கலயம்கூட அங்கே இல்லை. உறவுக்காரர்கள் என்னைப் பார்த்ததும் விலகி நின்றார்கள். யாரும் திட்டவில்லை.

மச்சானுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். எந்த விலாசத்துக்குத் தந்தி அடித்தீர்கள் என்று கேட்டேன்.

"உச்சிப்புளி வீட்டுக்குத்தான். வேற எது இருக்கு?"

"அந்த வீட்ட விட்டுட்டு வந்து நாலு மாசமாச்சு மச்சான்."

"தங்கச்சிக்குத் தெரியுமா?"

"சொல்லல."

அவர் தலையை ஆட்டினார். கடல் அலையே இல்லாமல் குளம்போலக் கிடந்தது. அவரே சொல்ல ஆரம்பித்தார். மஞ்சக்காமாலை. கவனிக்காமல் விட்டுவிட்டாள். கடைசி ஆறு நாள் படுக்கையில் இருந்தாள். சீரியஸ் என்று ஒரு தந்தி அடித்தார்கள், முடிந்த பிறகு இன்னொன்று.

"ஆள் அனுப்பலாம்னு வீட்ல சொன்னாங்க," என்றார். "தந்தி அடிச்சே வராதவன் ஆள் போயா வரப்போறான்னு நான்தான் சொன்னேன்."

கடைசியில் அவள் என்னைக் கேட்டாளா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டாள் என்றாலும் கேட்கவில்லை என்றாலும் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

குளித்துவிட்டு வரச் சொன்னார்கள். வேட்டியோடு கடலில் இறங்கினேன். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று முழுக்குப் போட்டுவிட்டுக் கரையேறினேன். மகள் ஒரு வாழையிலைத் துண்டில் இட்லியை வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் தள்ளி மச்சானும் பாயும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மகள் பக்கத்தில் போய் நின்றேன்.

"அய்யா, நீங்க எங்க கூட வாரீங்களா?" என்று கேட்டாள்.

"வேல இருக்கு ஆத்தா. பதினாறாம் நாளுக்கு வாரேன்," என்றேன்.

அவள் சரி என்றாள். இட்லியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

திரும்பும்போது அதே வேனில் நானும் பாயும் டோல்கேட் வரைக்கும் வந்து இறங்கிக்கொண்டோம். வேன் ராமநாதபுரம் ரோட்டில் போனது. மறுநாள் காலையில் உச்சிப்புளிக்குப் போனேன். வீட்டுக்கார அம்மா காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருந்த இரண்டு தந்திகளையும் எடுத்துக் கொடுத்தார். நீ எங்கே இருக்கிறாய் என்று தெரியவில்லை, யாராவது வருவார்கள் என்று வைத்திருந்தேன் என்றார். முதல் தந்தி ஏழு நாளைக்கு முன்பே வந்திருந்தது. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது.

பதினாறாம் நாள் போனேன். செய்ய வேண்டியதைச் செய்தேன். பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்றார் மச்சான். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகும் மூன்று வருஷம் அந்தக் கூண்டில் இருந்தேன். அதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். மடியில் கலயத்தோடு வருகிறவர்கள் வழக்கம்போல வந்தார்கள். நானும் எந்த ஊரு என்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். பாய்தான் அதைப் பொறுக்க முடியாமல் இருந்தார். கலயம் உள்ள வண்டி தூரத்தில் வந்தாலே, நீ போய் டீ குடித்துவிட்டு வா என்று என்னை எழுப்பிவிடுவார். நான் போக மாட்டேன். எழுந்து போவதற்கான காரணம் எதுவும் என் உள்ளே இல்லை.

ஒருநாள் அவர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய பழைய டன்னல் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், தன் மச்சான் அங்கே சூப்பர்வைசராக இருக்கிறார் என்றார்.

"இங்கன ஒக்காந்து ஒக்காந்து நீ கல்லாயிட்டே தம்பி. அங்க போ. அங்க யாரும் ஒன்னத் தெரிஞ்சவங்க வரமாட்டாங்க," என்றார்.

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் பிடித்திருந்தது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டேன்.

அந்த நகரத்தின் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பெரிய துறைமுகம். பேருக்குத்தான் ஆறு, கடல்தண்ணீர் உள்ளே வந்து போகும். ஒரு கரையில் ஊர், மறுகரையில் கிடங்குகளும் கிரேன்களும். நடுவில் சுரங்கச் சாலை. ரோடு சாய்ந்து இறங்கும், வெளிச்சம் மஞ்சளாக மாறும், இரண்டு பக்கமும் வெள்ளை ஓடு பதித்த சுவர். கொஞ்ச தூரம் சமமாகப் போய்ப் பிறகு ஏறும். அவ்வளவுதான். மேலே ஆறு இருப்பதற்கு அடையாளமே கிடையாது. எங்கள் கூண்டுகள் இந்தக் கரை வாயிலில் வரிசையாக இருந்தன. கண்ணாடி போட்டு, உள்ளே ஏசி வைத்திருந்தார்கள். கை நீட்டும் அளவுக்கு ஒரு ஜன்னல்.

கார்கள் வரும். ஒரு கை காசை நீட்டும். நான் பொத்தானை அழுத்துவேன், கம்பு உயரும். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. எந்த ஊர் என்று கேட்க வேண்டியதில்லை. அவர்கள் பாஷையில் நன்றி, போகலாம் என்ற இரண்டு சொல்லைக் கற்றுக்கொண்டேன். பத்து வருஷத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மனிதர்கள் அந்த வேலையைப் பற்றிக் குறை சொல்லுவார்கள். என்னோடு தங்கியிருந்த கேரளத்துக்காரர், பைத்தியம் பிடிக்கிறது என்று ஒரே வருஷத்தில் ஊருக்குப் போய்விட்டார். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு பக்கத்தை மூடிவிட்டுச் சுவர்களைக் கழுவுவார்கள். டோல்கேட் ஆட்களும் கூடப் போய் ரோட்டில் கிடப்பதைப் பொறுக்க வேண்டும். டயர்த் துண்டு, செருப்பு, குழந்தைகளின் பொம்மை. முதல்முறை உள்ளே நடந்து போனபோது, எல்லாவற்றையும்விடத் தாழ்வான இடத்தில் நின்றேன். பாய் சொன்ன குழி அங்கேதான் இருந்தது. இரும்பு மூடிக்குக் கீழே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. சுவர் ஓரத்தில் ஒரு இடத்தில் ஈரம் கசிந்து வெள்ளைக் கோடாகக் காய்ந்திருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புதான்.

அங்கே நின்றபோது மனைவியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். ஊரை விட்டு வந்த பிறகு அப்படி நினைக்க முயன்றது அதுதான் முதல் தடவை. முகம் வரவில்லை. சேலைகள் வந்தன, குரல் கொஞ்சம் வந்தது. வேனின் நம்பர் மட்டும் எழுத்து எழுத்தாக வந்து நின்றது. சூப்பர்வைசர் விசில் ஊதினார். கையில் இருந்த சாக்கைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வந்தேன்.

மகளுக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்பினேன். அவளிடமிருந்து கடிதம் வரும். அன்புள்ள அய்யாவுக்கு, நான் நலம், பணம் வந்தது, பரீட்சையில் இந்த மார்க் எடுத்தேன். ஒரு பக்கத்தைத் தாண்டாது. நானும் அதே அளவில் பதில் எழுதுவேன். இரண்டு தடவை லீவில் போனேன். வளர்ந்திருந்தாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். மச்சான் அவளைத் தன் பிள்ளைகளைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டார். ரத்தப் பரிசோதனை செய்யும் படிப்புப் படிக்க வைத்தார்.

பத்தாவது வருஷத்தில் டன்னலில் மெஷின் வைத்தார்கள். கார் கண்ணாடியில் ஒரு அட்டையை ஒட்டிக்கொண்டால் கம்பு தானாக உயர்ந்தது. ஒவ்வொரு கூண்டாக இருட்டானது. எங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்து முதலில் புதுமடத்துக்குப் போனேன். பாய் கடலைப் பார்த்த வீட்டில் சர்க்கரை நோயோடு இருந்தார். ஒரு கால் விரலை எடுத்திருந்தார்கள். என்னை உட்காரவைத்து மீன் சாப்பாடு போட்டார். எனக்கு அங்கே எப்படி இருந்தது என்று கேட்டார். தொந்தரவு ஒன்றும் இல்லை என்றேன். மகளிடம் போ என்று மட்டும் சொன்னார்.

மகளுக்கு ராமநாதபுரத்தில் ஒரு லேபில் வேலை கிடைத்திருந்தது. தினமும் கமுதியிலிருந்து பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். நீ ராமநாதபுரத்தில் வீடு பிடித்தால் அவளுக்கு அலைச்சல் மிச்சம் என்றார் மச்சான். பாசத்தால் என்று சொல்ல முடியாது, பஸ் நேரத்தால்தான் நாங்கள் இருவரும் ஒரே வீட்டுக்கு வந்தோம்.

இரண்டு அறை வீடு. அவள் காலையில் சமைத்து வைத்துவிட்டுப் போவாள். நான் கடைக்குப் போய்க் காய்கறி வாங்கி வருவேன். சாயங்காலம் அவள் வந்ததும் டிவி போடுவோம். உப்புப் போதுமா, கரண்ட் பில் கட்டியாச்சா, மாமா போன் பண்ணாரா. பேச்சு இதற்கு மேல் போகாது. இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. வாடகைக்கு இருக்கும் இரண்டு பேர்போல ஒருவருக்கொருவர் தொந்தரவு இல்லாமல் இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"அய்யா, அன்னைக்கு ஏன் எங்க கூட வரல?"

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. பேப்பரை மடித்து வைத்தேன்.

"வேல இருக்குன்னு சொன்னேன். வேல ஒண்ணும் இல்ல ஆத்தா."

"தெரியும்," என்றாள். "இவருக்கு ரெண்டு நாளு லீவு சொல்லிட்டேன், வேலைய நான் பாத்துக்கிறேன், இவரக் கூட்டிட்டுப் போங்கன்னு அந்தப் பாய், மாமாகிட்டச் சொல்லிக்கிட்டிருந்தாரு. அதக் கேட்டுட்டுத்தான் ஒங்ககிட்டக் கேட்டேன்."

ஒன்பது வயதில் அவள் அதைத் தெரிந்துகொண்டே சரி என்று சொல்லியிருக்கிறாள். இட்லியைப் பிய்த்துச் சாப்பிட்டிருக்கிறாள். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை. அந்த வேனில் ஏறி, மனைவி இல்லாத வீட்டில் போய் இறங்க எனக்குத் தைரியம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் அப்போது தைரியம், பயம் என்று எதையும் நான் உணரவில்லை. வாய் தானாகச் சொன்னது. அதை அப்படியே அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. கீரையைக் கழுவ எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நாள் கழித்து ஒருநாள், சாப்பிடும்போது, உன் அம்மா அங்கே எப்படி இருப்பாள் என்று அவளிடம் நானே கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத்தான் அது தெரிந்திருந்தது. மச்சான் வீட்டில் இருந்த அந்தக் கடைசி இரண்டு வருஷமும் அம்மாவோடு படுத்து, அம்மாவோடு எழுந்தவள் மகள். அன்றைக்குக் கொஞ்சம் சொன்னாள். அப்புறம் ஞாபகம் வரும்போதெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். அம்மா மிளகாய் காயப்போடும்போது தும்மிக்கொண்டே பாடுவாள், எருமையைக் கண்டால் பயப்படுவாள், மாமாவோடு சீட்டு விளையாடி ஏமாற்றுவாள். நான் கல்யாணம் செய்துகொண்ட பெண்ணை எனக்குத் தெரியாத ஒரு பெண்ணாக மகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து வைத்தாள். கேட்டுக்கொண்டே இருப்பேன். சோறு கையில் காய்ந்துவிடும்.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, புடவை எடுத்துவிட்டு மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். பரமக்குடி தாண்டியதும் ரோட்டோரம் ஒரு பெண் சைக்கிளில் புல்லுக்கட்டு வைத்து ஓட்டிக்கொண்டு போனாள். மகள் ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவும் சைக்கிள் ஓட்டும். தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது என்றேன். என்னோடு இருந்தபோது அவள் சைக்கிளைத் தொட்டுப் பார்த்ததில்லை.

"மாமா வீட்ல இருந்தப்பதான் கத்துக்கிச்சு. மொத நாளே விழுந்து முட்டியப் பேத்துக்கிச்சு. அப்பறம் தனியாவே கமுதிச் சந்தைக்குப் போயிட்டு வரும்."

"யாரு கத்துக்குடுத்தா?"

"நான்தான்," என்றாள் மகள். "பின்னால புடிச்சுக்கிட்டே ஓடுவேன். விட்றாத, விட்றாதன்னு கத்திக்கிட்டே போகும்."